கடலோரப் பள்ளிக்கு ஓராண்டுப் பாடம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கடலூர் தேவனாம்பட்டினத்தை ஒட்டிய தொடக்கப் பள்ளியில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்குப் பாடம் நடத்துகிறேன். வரும் கல்வியாண்டில் மாதத்துக்கு ஒரு கருப்பொருளை எடுத்துக்கொண்டு, தமிழ், கணக்கு, சூழ்நிலையியல் மூன்றையும் அதனோடு இணைத்து நடத்த விரும்புகிறேன். கிடைக்கும் மாதிரித் திட்டங்களில் எல்லாம் வண்ணங்கள், வடிவங்கள், வனவிலங்குகள், போக்குவரத்து என்றே தலைப்புகள் இருக்கின்றன. கருப்பொருளை எப்படித் தேர்ந்தெடுப்பது? ஓராண்டுக்கு எத்தனை போதும்? பாடநூலை விட்டு விலகாமல் இதைச் செய்ய முடியுமா?
– ஓர் ஆசிரியை, கடலூர்

பதில்: தேர்ந்தெடுப்பதற்கு நான் ஒரே ஒரு சோதனையைத்தான் சொல்வேன். இந்த மாதத்தில், இந்த ஊரில், இந்தக் குழந்தை இதைக் கையால் தொட்டும், கண்ணால் பார்த்தும், வீட்டிலுள்ளவர்களைக் கேட்டும் தெரிந்துகொள்ள முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடியுமானால் அந்தக் கருப்பொருளை வைத்துக்கொள்ளுங்கள். முடியாதென்றால், எவ்வளவு அழகான படங்களோடு வந்தாலும் விட்டுவிடுங்கள். ஒட்டகச்சிவிங்கியின் படத்துக்கு வண்ணம் தீட்டும் குழந்தைக்கு வண்ணம் தீட்டப் பழக்கம் வரும், கேள்வி பிறக்காது. உங்கள் பள்ளியோ கெடிலமும் தென்பெண்ணையும் கடலில் கலக்கிற ஊரில், அலைச்சத்தம் கேட்கிற தூரத்தில் இருக்கிறது. ஆகவே நாட்காட்டியையும் ஊரையும் முதலில் விரித்து வைத்துக்கொண்டு, அதன் பிறகு பாடநூலைத் திறப்பதே சரியான வரிசை என்பது என் உறுதியான கருத்து.

எண்ணிக்கையை நாட்களே முடிவுசெய்துவிடும். கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளுக்கு ஆண்டில் குறைந்தது 200 வேலை நாட்களும் 800 மணி நேரக் கற்பித்தலும் வேண்டும் என்கிறது. வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 40 வாரங்கள். ஜூன் மாதத்தில் புதுக் குழந்தைகள் அழுகை ஓய்ந்து பள்ளிக்குப் பழகும் முதல் இரண்டு வாரங்கள், மூன்று பருவத் தேர்வுகள், விழாக்கள், மழை விடுமுறைக்குப் பின் பாடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் நாட்கள் எல்லாவற்றையும் கழித்தால், ஏறக்குறைய 30 வாரங்களை மட்டுமே நம்பித் திட்டம் போட முடியும். ஒரு கருப்பொருள் குழந்தையின் பேச்சில் புகுந்து, வீடு வரை போய்த் திரும்பிவர மூன்று நான்கு வாரங்கள் தேவை. ஆகவே எட்டு போதும். மாதந்தோறும் ஒன்று வேண்டும் என்ற கட்டாயத்தை நீங்களே உங்கள் மேல் சுமத்திக்கொள்ள வேண்டாம்.

உங்கள் ஊருக்கு நான் முன்வைக்கும் வரிசை இது. விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14-இல் முடிகிறது. படகுகள் மீண்டும் கடலுக்குப் போகும் அந்த நேரத்தில் வீடுகளில் வேறு பேச்சே இருக்காது என்பதால், முதல் கருப்பொருளாகப் படகையும் மீனையும் வையுங்கள். ஆடியில் காற்று, அதைத் தொடர்ந்து, ஆடிப் பட்டம் தேடி விதை என்ற பழமொழிப்படியே, விதை. பள்ளி மண் உவர்மணலாக இருந்தால் பழைய வாளிகளில் செம்மண் நிரப்பி அவரையும் பீர்க்கும் ஊன்றலாம். பிள்ளையார் சதுர்த்திக்கும் நவராத்திரிக்கும் பொம்மைகள் உருவாகும் நாட்களில் களிமண். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம் முழுவதற்கும் மழை என்ற ஒன்றே போதும். பொங்கலை ஒட்டி நெல்லும் கரும்பும், அடுத்து நிலா, இறுதியில் கடற்கரையும் ஆமையும். கோடையில் புதிதாக எதையும் தொடங்காமல், கற்றதைத் திரும்பப் பார்க்க அந்த நாட்களை விட்டுவிடுங்கள். பண்ருட்டிப் பக்கத்து ஆசிரியர் இதைப் படித்தால் படகை எடுத்துவிட்டுப் பலாவையும் முந்திரியையும் வைத்துக்கொள்ள வேண்டும். நெய்வேலிக்காரர் நிலக்கரியை வைத்துக்கொள்ளலாம்.

பாடநூலை விட்டு விலகுவோமோ என்ற உங்கள் அச்சம் நியாயமானது. கருப்பொருள் பாடத்தில் நிகழும் பெரிய தவறே, கருப்பொருளின் கவர்ச்சியில் எழுத்து வரிசையும் எண் வரிசையும் சிதறிப்போவதுதான். ஆகவே திட்டத் தாளைக் கோடு போட்டு நெடுக்காக மூன்று பத்திகளாகப் பிரித்து, பாடநூல் வைத்திருக்கும் எழுத்து வரிசையையும் எண் திறன்களின் வரிசையையும் முதல் இரண்டில் மாற்றமின்றி எழுதிவிடுங்கள். மூன்றாம் பத்தியில் மட்டும் கருப்பொருளை எழுதி, பிறகு அவை இயல்பாக எங்கே சந்திக்கின்றன என்று பாருங்கள். மீன் என்ற கருப்பொருளில் வஞ்சிரம், சங்கரா, நெத்திலி, காரப்பொடி என்று குழந்தைகள் எத்தனை பெயர்களையும் வாயால் சொல்லட்டும், கதை பேசட்டும். ஆனால் எழுதுவதற்கு அதுவரை கற்ற எழுத்துகளால் ஆன சொற்களை மட்டும் கொடுங்கள். ப, ட, ம, ர தெரிந்த குழந்தை படம், மரம், பட்டம் எழுதும். வஞ்சிரத்தை எழுதச் சொன்னால் பார்த்து வரையும், அவ்வளவுதான். ஏதேனும் ஒரு வாரத்தில் கருப்பொருளும் எண் திறனும் சந்திக்கவே இல்லையென்றால் அந்த வாரம் கணக்கைக் கணக்காகவே நடத்துங்கள். கழித்தல் கணக்கின் பக்கத்தில் மீன் படத்தை அச்சிடுவதால் அது மீன் பாடம் ஆகிவிடாது.

உண்மையாகவே சந்திக்கும் இடம் ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் மாணவர்களில் பலருடைய வீட்டுப் பெண்கள் மீனைக் கூறு கட்டி விற்பவர்களாக இருப்பார்கள். புளியங்கொட்டைகளை மீனாக வைத்துக்கொண்டு, 20 மீன்களைக் கூறுக்கு ஐந்தாக வைத்தால் எத்தனை கூறு, நான்காக வைத்தால் எத்தனை, ஆறாக வைத்தால் மீதி எவ்வளவு என்று தரையில் பரப்பி விளையாட விடுங்கள். பெருக்கல், வகுத்தல் என்ற பெயர்களைக் கேள்விப்படுவதற்கு முன்பே அந்தக் குழந்தைகள் சம பங்கையும் மீதியையும் கையால் அறிந்துவிடுவார்கள். மீதி இரண்டை என்ன செய்வது என்று கேட்டால், "பெரிய கூறா கட்டிடலாம் டீச்சர்" என்றோ "வீட்டுக் குழம்புக்கு வச்சிக்கலாம்" என்றோ பதில் வரும். இரண்டையும் பாராட்டி, இரண்டையும் கரும்பலகையில் எழுதுங்கள். ஒரு நாள் மீன் விற்கும் தாய் ஒருவரை வகுப்புக்கு அழைத்துக் கூறு கட்டிக் காட்டச் சொன்னால், அந்தக் குழந்தைக்குப் பள்ளியில் கிடைக்கும் மதிப்பை வேறு எந்தப் பரிசும் தராது.

மழைக் கருப்பொருளைப் பற்றி ஒரு வேண்டுகோள். தானே புயல் 2011 டிசம்பர் 30-இல் உங்கள் ஊருக்கும் புதுச்சேரிக்கும் இடையில்தான் கரையைக் கடந்தது; 2015-இல் மாவட்டமே வெள்ளத்தில் மிதந்தது; ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30-இல் புதுச்சேரி அருகே கரை ஏறியபின் தென்பெண்ணை பெருகிக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. வீட்டில் தண்ணீர் நின்றதைப் பார்த்த குழந்தைகள் உங்கள் முன்னால் அமர்ந்திருக்கலாம். சுனாமியில் உறவினரை இழந்த வீடுகளும் இருக்கும். "வெள்ளத்தைப் படமாக வரை" என்று எந்தக் குழந்தையையும் கட்டாயப்படுத்தாதீர்கள். தானாகப் பேச வந்தால் முழுவதும் கேளுங்கள். பாடத்தை மட்டும் மழைத்துளி, தவளை, குடை, ஏரி, மழையை அளப்பது என்ற பக்கமாக நடத்துங்கள். விடுமுறைகள் இடையிடையே வரும் காலம் என்பதால், ஒரு நாளில் தொடங்கி அன்றே முடியும் சிறு செயல்களாகத் திட்டமிடுவது நல்லது.

கேள்வி: எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள் என் ஒரே அறையில் அமர்கின்றன. மூன்று வகுப்புக்கும் ஒரே கருப்பொருளா? அடுத்த ஆண்டும் அதே குழந்தைகள் இருப்பார்களே?
– ஓர் ஆசிரியர், குறிஞ்சிப்பாடி

பதில்: ஒரே கருப்பொருள்தான். தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தையின் நிலைக்கேற்பப் பிரித்து நடத்தி உங்களுக்குப் பழக்கம் இருக்கும். அந்தப் பிரிவைச் செயலில் வையுங்கள், பொருளில் வைக்காதீர்கள். மழைமானியை எடுத்துக்கொள்வோம். அகலமான ஞெகிழிப் புட்டி ஒன்றின் மேற்பகுதியை வெட்டிக் கவிழ்த்துப் புனலாகச் செருகுங்கள். புட்டியின் அடி மேடுபள்ளமாக இருக்கும் என்பதால், நேரான சுவர் தொடங்கும் இடம் வரை கூழாங்கல்லும் தண்ணீரும் நிரப்பி, அந்த மட்டத்தைச் சுழியமாகக் குறித்து, அங்கிருந்து மேலே அளவுகோல் தாளை ஒட்டுங்கள். தினமும் காலை ஒரே நேரத்தில் பார்த்து, அளவைக் குறித்தபின் மீண்டும் சுழிய மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒன்றாம் வகுப்புக் குழந்தை சுவரிலுள்ள நாட்காட்டியில் மழை பெய்ததா இல்லையா என்று நீலமோ மஞ்சளோ தீட்டும். இரண்டாம் வகுப்புக் குழந்தை எத்தனை சென்டிமீட்டர் என்று கட்டங்களை நிரப்பி, நேற்றைவிடக் கூடவா குறைவா என்று ஒரு வாக்கியம் எழுதும். மூன்றாம் வகுப்புக் குழந்தை மில்லிமீட்டரில் படித்து வாரத்தின் கூட்டுத்தொகையைப் போட்டு, செய்தித்தாளில் வரும் கடலூர் மழையளவோடு ஒப்பிட்டு, ஏன் வேறுபடுகிறது என்று பேசும். மூவரும் ஒரே புட்டியைச் சுற்றி நிற்பதால், சின்னவர்கள் பெரியவர்களிடமிருந்து கேட்டறிவதும் மிகுதி.

அடுத்த ஆண்டும் மழை வரத்தான் செய்யும். அதற்காகக் கருப்பொருளை மாற்ற வேண்டியதில்லை, கேள்வியை மாற்றினால் போதும். இவ்வாண்டு மழை எவ்வளவு பெய்தது என்று கேட்டால், அடுத்த ஆண்டு பெய்த மழை எங்கே போகிறது என்று கேளுங்கள். உங்கள் குழந்தைகளுக்குப் பெருமாள் ஏரி பக்கத்திலேயே இருக்கிறது.

கேள்வி: விழாக்களைக் கருப்பொருளாக வைக்கலாமா? எங்கள் வகுப்பில் மூன்று மதத்துக் குழந்தைகளும் இருக்கிறார்கள்.
– ஓர் ஆசிரியை, பரங்கிப்பேட்டை

பதில்: விழாவின் பெயரைத் தலைப்பாக வைக்காமல், விழாவுக்குள் இருக்கும் பொருளைத் தலைப்பாக வையுங்கள். மேலே நான் நிலாவைச் சேர்த்ததற்கு இதுதான் காரணம். வடலூரில் தைப்பூச ஜோதியும் தேவனாம்பட்டினத்தில் மாசிமகத் தீர்த்தவாரியும் முழுநிலவை ஒட்டி வருகின்றன. உங்கள் ஊரில் ரமலான் நோன்பு பிறை பார்த்துத் தொடங்குகிறது. ஈஸ்டர் ஞாயிறும் வசந்த காலத்து முழுநிலவைக் கொண்டே கணிக்கப்படுகிறது. தை, மாசியில் வானம் தெளிவாக இருக்கும் என்பதால், பிறை தெரிந்த நாளிலிருந்து பௌர்ணமி வரை மாலைதோறும் நிலாவைப் பார்த்து ஒரு வட்டத்துக்குள் அதன் வடிவத்தை வரைந்துவரச் சொல்லுங்கள். யார் வீட்டில் எந்த நாளில் என்ன செய்வார்கள் என்று குழந்தைகளே சொல்வார்கள். எந்தக் குழந்தையும் அந்த மாதத்தில் விருந்தாளியாக உட்கார்ந்திருக்க நேராது.

கேள்வி: என் மகன் இரண்டாம் வகுப்பு. அவனுடைய ஆசிரியை கருப்பொருள் பாடம் என்று சொல்லி மணலிலும் மண்ணிலும் ஏதேதோ செய்ய வைக்கிறார். நோட்டில் பாதிப் பக்கம் காலியாக இருக்கிறது. பின்தங்கிவிடுவானோ?
– ஒரு தாய், அரியாங்குப்பம், புதுச்சேரி

பதில்: உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. தேசியப் பாடக் கலைத்திட்டத்தின் 2022 அடித்தள நிலை ஆவணம் மூன்று வயது முதல் எட்டு வயது வரை ஒரே கட்டமாகக் கொண்டு, விளையாட்டின் வழியும் செயலின் வழியும் கற்பிப்பதையே வலியுறுத்துகிறது. உங்கள் மகன் அந்த வயதில்தான் இருக்கிறான். ஆயினும் ஆசிரியை மண்ணில் விளையாட வைப்பதாலேயே எல்லாம் சரியாக நடக்கிறது என்றும் நான் சொல்ல மாட்டேன். நோட்டுப் பக்கங்களை எண்ணுவதை விட்டுவிட்டு, மாதத்துக்கு ஒருமுறை மூன்றைப் பாருங்கள். அவன் வகுப்புக்கு ஏற்ற, இதுவரை பார்த்திராத ஒரு சிறு பத்தியைக் கொடுத்தால் தடங்கலின்றிப் படித்துப் பொருள் சொல்கிறானா? தன் மனத்திலிருந்து இரண்டு மூன்று வாக்கியங்கள் எழுதுகிறானா? கடைக்கு அழைத்துப்போனால் 50 ரூபாய் கொடுத்து 32 ரூபாய்க்குப் பொருள் வாங்கினால் மீதி எவ்வளவு என்று ஏதாவதொரு வழியில் கண்டுபிடிக்கிறானா? மூன்றும் மாதத்துக்கு மாதம் வளர்ந்தால் கவலை வேண்டாம். வளரவில்லை என்றால், ஆசிரியையைச் சந்தித்து இந்தப் பருவத்தில் படிப்பிலும் கணக்கிலும் எந்தத் திறன்களை எதிர்பார்க்கிறார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நல்ல திட்டம் வைத்திருப்பவரிடம் அந்தப் பட்டியல் கையிலேயே இருக்கும்.