33 கிலோவோல்ற் காவலிக்குக் கொரோனா வளையம் வாங்க வேண்டுமா?

கேள்வி: சம்மாந்துறையில் எங்கள் அரிசி ஆலைக்கு 33 கிலோவோல்ற் இணைப்பை நேரடியாக எடுத்து, சொந்த ட்ரான்ஸ்போமர் வைக்கப் போகிறோம். ஒப்பந்தகாரரின் விலைமனுவில் ஒவ்வொரு பொலிமர் காவலிக்கும் (மின் கம்பியைத் தாங்கி, மின் கம்பத்துக்குப் பாயாமல் தடுக்கும் இன்சுலேற்றர்) ஒரு கொரோனா வளையம் என்று தனி விலை போட்டிருக்கிறது. கடல் காற்றுக்கு இது கட்டாயம் என்கிறார். உண்மையா?

பதில்: இல்லை. அந்த வரியை வெட்டச் சொல்லுங்கள்.

உலோக முனையைச் சுற்றியுள்ள மின்புலம் சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 30 கிலோவோல்ற் அளவைத் தொடும்போது காற்றே மின்னைக் கடத்தத் தொடங்குகிறது. இரைச்சல், மங்கிய நீல ஒளி, ஓசோன் மணம் எல்லாம் வரும். இதுதான் கொரோனா. வளையம் என்பது வழுவழுப்பான அலுமினியக் குழாய். காவலியின் கம்பிப் பக்க முனையில் குவியும் புலத்தை அது பரவலாக்குகிறது. 220 கிலோவோல்ற்றிலும் அதற்கு மேலும்தான் அதன் தேவை வலுக்கிறது. 132இல் பொலிமர் காவலிக்குக் கம்பிப் பக்கம் மட்டும் போடுவதுண்டு. அம்பாறை, வாழைச்சேனை உப மின்நிலையங்களுக்கு வரும் பெரிய லைன்கள் அந்த 132 வகை. உங்கள் ஆலைக்கு வரும் 33இல் ஒரு கம்பிக்கும் நிலத்துக்கும் இடையே இருப்பது 19 கிலோவோல்ற் மட்டுமே.

காசு வீண் என்பதோடு இது முடியவில்லை. வளையம் காவலியின் குடை போன்ற மடிப்புகளின் பக்கம் நீட்டி நிற்பதால், இடி மின்னலால் வரும் மின்னழுத்தத்தைத் தாங்கும் காற்று இடைவெளியைத் தின்றுவிடும். பல மீற்றர் நீளக் காவலியில் அது பெரிதாகத் தெரியாது. உங்களுடைய குட்டைக் காவலியில் நிச்சயம் தெரியும்.

கடல் காற்றுக்குத் தேவை கிரீப்பேஜ். அதாவது ஒரு முனை உலோகத்திலிருந்து மறு முனை உலோகம்வரை, மடிப்புகளில் ஏறி இறங்கி அளக்கும் மேற்பரப்பு நீளம். மழையில்லாத மாதங்களில் உப்பும், உங்கள் இடத்தில் உமித்தூசும் சாம்பலும் சேர்ந்து காவலியில் படிகின்றன. விடியற்காலைப் பனி பட்டதும் அந்தப் படிவு மின்னைக் கசிய விடுகிறது. கசிவின் சூட்டில் சில இடங்கள் காய்ந்து, அந்தக் காய்ந்த பட்டையைத் தாண்டிப் பொறி பாய்கிறது. பொறி முனைக்கு முனை எட்டினால் லைனில் மின் துண்டிக்கப்பட்டுவிடும். ஆகவே மிகக் கடுமையான மாசுக்குரிய அளவைக் கேளுங்கள்: கிலோவோல்ற்றுக்கு 31 மில்லிமீற்றர். 33 லைனில் வரக்கூடிய அதிகபட்ச அழுத்தம் 36 கிலோவோல்ற் என்று கணக்கிடுவதால் 36 × 31 = 1116 மில்லிமீற்றர். விலைமனுவில் 900 என்று இருந்தால் அது ஒரு படி குறைந்த சரக்கு.

பொருள் வந்ததும் நீங்களே அளக்கலாம். நூலின் ஒரு நுனியை மேல் உலோகத்தில் ஒட்டி, ஒவ்வொரு குடையின் மேற்புறம், விளிம்பு, அடிப்புறம் என்று தொய்வில்லாமல் ஒட்டி இறக்கி, கீழ் உலோகத்தில் வெட்டி நீளம் பாருங்கள். காவலியின் மேல் இறப்பர் சிலிக்கோன்தான் என்பதை எழுத்தில் வாங்குங்கள். தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக நிற்பது நல்லதுதான், ஆனால் புதிதாக இருக்கும்போது வேறு இறப்பரிலும் அப்படி நிற்கும். மிச்சப்படும் காசை ட்ரான்ஸ்போமருக்கு ஒட்டியே வைக்கும் சர்ஜ் அரெஸ்டருக்கு (மின்னல் போன்றவற்றால் வரும் மிகையழுத்தத்தை நிலத்துக்குக் கடத்தும் கருவி) போடுங்கள். அதன் ஏர்த் கம்பி குட்டையாக, வளைவில்லாமல் இறங்க வேண்டும். உமி ஊதும் குழாயின் வாய் கம்பிகளைப் பார்த்து இருக்கவே கூடாது.

இன்னொன்று: சொந்த ட்ரான்ஸ்போமர் 11 கிலோவோல்ற்றிலோ அதற்கு மேலோ மின் வாங்கும் ஐ-3 என்ற கைத்தொழில் கட்டண வகைப் பாவனையாளருக்குரிய செலவு. 400 வோல்ற்றில் வாங்கும் ஐ-2 உங்களுக்குப் போதுமா என்று மின்சார சபையில் முதலில் கேளுங்கள்.

கேள்வி: காத்தான்குடியில் வீட்டுக்கு முன்னால் உள்ள கம்பத்தில் இரவில் "ஸ்ஸ்" என்று சத்தம். இது கொரோனாவா?

பதில்: ஊருக்குள் ஓடும் லைனில் பெரும்பாலும் அல்ல. எப்போது கேட்கிறது என்று கவனியுங்கள். பனியிலும் தூறலிலும் கேட்டு, அடைமழைக்குப் பிறகு நின்றால் உப்புப் படிவு. வெயில் காலத்தில் கேட்டு, மழை பெய்ததும் நின்றால் எங்கோ கட்டுக்கம்பியோ ஆணியோ தளர்ந்திருக்கிறது. மீடியம் வேவ் ரேடியோவை நிலையம் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு வீதியோரமாக நடந்தால், கரகரப்பு உச்சமாகும் கம்பம்தான் பெரும்பாலும் குற்றவாளி. கம்பத்தைத் தொடவோ தண்ணீர் பீய்ச்சவோ வேண்டாம். அது எந்தக் கம்பம், எந்த நேரத்தில் சத்தம், மழையிலா வெயிலிலா என்று எழுதி மின்சார சபையின் பிரதேச அலுவலகத்தில் கொடுங்கள். பொறி கண்ணுக்குத் தெரிந்தால் எழுதிக்கொண்டிருக்காமல் உடனே அழைத்துச் சொல்லுங்கள்.