கடலோர வீட்டுச் சமையலறைக்குக் கறுப்பா, வெள்ளையா, இளம்பச்சையா?

கேள்வி: பினாங்கு தஞ்சோங் தோக்கோங்கில் கடலைப் பார்த்த அடுக்குமாடி வீடு ஒன்றை வாங்கியிருக்கிறோம். தீபாவளிக்கு முன் குடிபோக வேண்டும். சமையலறை சிறியது, வரவேற்பறையில் உட்கார்ந்தாலே முழுவதும் தெரியும். சுவர் ஓடுகள் வெள்ளை, கேபினெட் மரநிறம். குளிர்சாதனப் பெட்டி, கேஸ் அடுப்பு, குக்கர் ஹூட், மைக்ரோவேவ் எல்லாமே புதிதாக வாங்க வேண்டியுள்ளது. எல்லாவற்றையும் கறுப்பு ஸ்டீலில் ஒரே செட்டாக எடுத்தால் நல்ல விலைக்கழிவு கிடைக்கும் என்கிறார் என் கணவர். சமையலறையில் கறுப்பே கூடாது, வெள்ளைதான் சுத்தம் என்கிறார் மாமியார். எனக்கோ இளம்பச்சை நிறக் குளிர்சாதனப் பெட்டி மேல் ஆசை. தினமும் இரண்டு வேளை தாளித்துச் சமைக்கும் வீடு எங்களுடையது. எதைத் தேர்ந்தெடுப்பது?
- வாசகி, பினாங்கு

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

வீட்டில் மூவரும் மூன்று நிறங்களைச் சொல்கிறீர்கள். நான் நிறத்தைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, அது எந்தப் பொருளின் மேல் இருக்கிறது, அந்தப் பொருளின் மேல் உங்கள் வீட்டில் நாள்தோறும் என்ன வந்து படியும் என்பதிலிருந்து தொடங்குகிறேன். கடற்காற்று, தாளிக்கும் எண்ணெய்ப் புகை, மஞ்சள் பட்ட கை, தரை துடைக்கும் நீர் ஆகிய நான்கும் எல்லாச் சாதனங்களையும் ஒன்றுபோல் தொடுவதில்லை. ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே பூச்சு என்ற யோசனையில் எனக்கு உடன்பாடில்லை.

கடற்காற்றை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் உங்கள் வீட்டுக்கு அதுதான் பெரிய விஷயம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்கவே பிடிக்காது என்று பலரும் நம்புகிறோம். அதிலுள்ள குரோமியம் காற்றோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக மேலே நிற்பதால்தான் அது துருப்பிடிக்காமல் இருக்கிறது; கீறல் விழுந்தாலும் காற்றுப் பட்டால் அந்தப் படலம் தானாகவே மீண்டும் உருவாகிவிடும். ஆனால் உப்பிலுள்ள குளோரைடு அதை ஊசிமுனை அளவில் ஆங்காங்கே துளைத்துவிடக் கூடியது. தரை துடைக்கப் பயன்படுத்தும் பிளீச்சும் அதே வேலையைச் செய்யும். என் அக்காள் தஞ்சோங் பூங்காவில் குடியிருந்தபோது வாங்கிய ஸ்டீல் கதவுக் குளிர்சாதனப் பெட்டியில், இரண்டாம் ஆண்டிலேயே மிளகுத்தூள் தூவியதுபோல் பழுப்புப் புள்ளிகள் தோன்றின. குனிந்து பார்த்தபோது அவை கதவின் கீழ் விளிம்பிலிருந்து நான்கு விரல் உயரம் வரை மட்டுமே இருந்தன; மாப் போடும்போது பிளீச் கலந்த நீர் தெறிக்கும் உயரம் அதுதான். கைப்பிடிப் பக்கம் கதவு புதிதுபோலவே இருந்தது. உப்புக் காற்று ஒரு பக்கமும் பிளீச் மறு பக்கமுமாகச் சேர்ந்து அந்த ஓரத்தைத் தின்றுவிட்டன.

ஸ்டீலிலும் ரகங்கள் உண்டு. 304 எனப்படும் ரகத்தில் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கலந்திருக்கும். 430 எனப்படும் ரகத்தில் குரோமியம் கிட்டத்தட்ட அதே அளவில் இருந்தாலும் நிக்கல் சேர்ப்பதில்லை. விலை குறைவு, உப்பைத் தாங்கும் வலிமையும் குறைவு. கடைக்குப் போகும்போது சிறிய காந்தம் ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். 430 ரகத்தில் அது நன்றாகப் பிடித்துக்கொள்ளும். 304 ரகத்தில் பெரும்பாலும் பிடிக்காது, வளைத்த ஓரங்களில் மட்டும் லேசாக ஒட்டக்கூடும். மாலிப்டினம் சேர்த்த 316 என்ற ரகம் படகுச் சாமான்களுக்கு உரியது. வீட்டுச் சாதனங்களில் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை.

இப்போது உங்கள் கணவரின் விருப்பத்துக்கு வருகிறேன். மரநிறக் கேபினெட்டின் நடுவே கறுப்பு மிக அழகாக நிற்கும் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் கறுப்பு ஸ்டீல் என்று விற்பது உள்ளுக்குள்ளும் கறுப்பான உலோகம் அன்று. சாதாரண ஸ்டீலின் மேல் ஏற்றிய மெல்லிய கறுப்புப் பூச்சு. பூச்சில்லாத ஸ்டீலில் சிறு கீறல் விழுந்தால், அதன் இழை ஓடும் திசையிலேயே மென்மையாகத் தேய்த்து ஓரளவு மறைத்துவிடலாம். பூச்சு கீறினாலோ அடியிலுள்ள வெள்ளி நிறம் கோடாகத் தெரியும்; தேய்த்தால் கோடு இன்னும் அகலமாகும். நாளும் பாத்திரம் உரசும் அடுப்பு மேடையில் இதை வைத்துக்கொண்டு நிம்மதியாகச் சமைக்க முடியாது. பளபளப்பில்லாத மேட் கறுப்பில் வேறொரு தொல்லை உண்டு. கைரேகை அதில் உடனே தெரியாது என்பது உண்மைதான். ஆனால் எண்ணெய்க் கை அடிக்கடி படும் இடம் நாளடைவில் மினுமினுப்பாகி, துடைத்தாலும் போகாத திட்டாக நின்றுவிடும். அவருக்குக் கறுப்பு வேண்டுமென்றால் மைக்ரோவேவை வழுவழுப்பான கறுப்புக் கண்ணாடி முகப்போடு எடுங்கள். கண்ணாடியில் ரேகை தெரியும், ஆனால் ஈரத் துணியால் ஒரு முறை துடைத்தால் முழுவதும் போய்விடும்.

செட்டாக எடுத்தால் கிடைக்கும் விலைக்கழிவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான்கு சாதனங்களும் ஒரே நாளில் பழுதாவதில்லை. மைக்ரோவேவ் முதலில் போய்விட்டால், அதே கறுப்பு அப்போது கடையில் கிடைக்கும் என்பதற்கு உறுதி கிடையாது. இரண்டு கறுப்புகள் பக்கத்தில் நின்றால், அவற்றில் ஒன்று பழுப்பாகவோ நீலமாகவோ தெரியத் தொடங்கும்.

உங்கள் மாமியார் சொல்வதைப் பழைய எண்ணம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். வெள்ளையில் எறும்பு ஊர்ந்தால் தெரியும், கரப்பான் எச்சம் தெரியும், சிந்திய குழம்பு தெரியும். கறுப்பில் அவை மறைந்து கிடக்கும். நம் ஊர் வெப்பத்தில் சமையலறையைச் சுத்தமாக வைத்திருப்பவர்களுக்கு அது சிறிய உதவி அன்று. வெள்ளை மஞ்சளாகிவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு; அதில் இரண்டு வகை இருப்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எண்ணெய்ப் புகை படிந்து, சூட்டிலும் காற்றிலும் இறுகிப் பிசினாகி மஞ்சளாகத் தெரிவது ஒரு வகை. பாத்திரம் கழுவும் சோப்பைச் சுடுநீரில் கரைத்து, துணியை நனைத்துச் சற்று நேரம் அதன் மேல் போட்டு வைத்தால் இது இளகி வந்துவிடும். பிளாஸ்டிக் பாகங்கள் வெயில் பட்டுத் தாமே மஞ்சளாவது மற்றொரு வகை. அதை எந்தச் சோப்பும் மீட்காது. ஆகவே வெள்ளையில் எதை எடுத்தாலும் கைப்பிடியும் விளிம்பும் பிளாஸ்டிக்கா, பெயின்ட் ஏற்றிய உலோகமா என்று தொட்டுப் பாருங்கள்.

அடுப்பையும் ஹூட்டையும் பொறுத்தவரை என் முடிவு உறுதியானது: இரண்டும் பூச்சில்லாத 304 ரக ஸ்டீலில் இருக்கட்டும். கண்ணாடி மேற்பரப்புள்ள அடுப்பைத் துடைப்பது எளிது என்பது சரிதான். ஆனால் பொங்கலுக்குப் பெரிய பானையும், விருந்தினர் வந்தால் பிரியாணிச் சட்டியும் ஏற்றி இறக்கும் வீட்டில் எனக்குக் கண்ணாடியின் மேல் நம்பிக்கை வருவதில்லை. ஸ்டீல் அடுப்பில் எரிவாய்களைச் சுற்றி நாளடைவில் வைக்கோல் நிறமோ நீலச் சாயலோ தோன்றும். அது அழுக்கன்று, சூட்டினால் அந்தக் குரோமியப் படலம் தடித்துக் காட்டும் நிறம். அதைப் போக்க இரும்பு நார் கொண்டு தேய்க்காதீர்கள். நாரிலிருந்து உதிரும் இரும்புத் துகளே பிறகு துருவாகத் தெரியும். பித்தளை விளக்கைத் தேய்ப்பதுபோல் புளியும் உப்பும் வைத்துத் தேய்ப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த உப்பு செய்வது கடல் உப்பு செய்யும் அதே வேலைதான். ஹூட்டின் வலைகள் அலுமினியமாக இருந்தால் சலவைச் சோடாவில் ஊறவைக்க வேண்டாம், கறுத்துவிடும்.

இனி உங்கள் இளம்பச்சை. கடிதத்தில் அதைக் கடைசியாக, ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள். நான் அதற்கு முழு ஆதரவு தருகிறேன். குளிர்சாதனப் பெட்டி அடுப்புச் சூட்டிலிருந்து விலகித் தனியாக நிற்கும் சாதனம், ஆகவே நிறத்தை அங்கே வைப்பதுதான் பொருத்தம். உங்கள் ஓடுகளும் கேபினெட்டும் அடக்கமான நிறங்கள் என்பதால் பச்சைக்குப் போட்டி கிடையாது. அதற்கு மேல், கடலோர வீட்டில் மலிவான ஸ்டீல் கதவைவிட, நன்றாகப் பெயின்ட் ஏற்றிய கதவோ கண்ணாடிக் கதவோ உப்பைக் கூடுதலாகத் தாங்கும். நிறங்களுக்கும் காலம் உண்டு என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். 1970-களில் அமெரிக்கச் சமையலறைகளில் அவகாடோ பச்சையும் அடர்ந்த பொன்னிறமும் கொடிகட்டிப் பறந்தன. பின்னர் அவற்றைப் பார்த்தாலே பழைய வீடு என்று சொல்லும் நிலை வந்தது. ஆகவே பளிச்சென்ற பச்சையை விடுத்து, ஜார்ஜ்டவுன் கடைவீடுகளின் பழைய மரச் சன்னல்களில் பார்த்திருப்பீர்களே, வெயிலில் சற்று வெளுத்த அந்தச் சாம்பல் கலந்த பச்சைக்கு நெருக்கமான ஒன்றைத் தேடுங்கள். அது சீக்கிரம் சலிக்காது.

கண்ணாடிக் கதவா, பெயின்ட் கதவா என்று கேட்டால், உங்கள் வீட்டுப் பழக்கத்தைப் பொறுத்தது என்பேன். பிள்ளைகளின் பள்ளி அட்டவணையையும் மாத நாட்காட்டியையும் காந்தத்தால் கதவில் ஒட்டும் வீடாக இருந்தால், கண்ணாடிக் கதவில் பெரும்பாலும் காந்தம் நிற்காது. பெயின்ட் கதவில் நிற்கும். ஆனால் கீறல் விழுந்த இடத்தை அன்றே டச் அப் பெயின்ட் வைத்து மூடிவிட வேண்டும், உங்கள் ஊர்க் காற்று காத்திருக்காது.

பணம் கட்டுவதற்கு முன் இரண்டு சோதனைகளைச் செய்யுங்கள். கடைகளின் வெளிச்சம் வெண்மையாகவும் கடுமையாகவும் இருக்கும். வீட்டில் நீங்கள் மஞ்சள் சாயல் விளக்குப் போட்டால் அதே இளம்பச்சை மங்கிக் களிமண் நிறமாகத் தெரியலாம். மிஞ்சிய ஓடு ஒன்றையும் கேபினெட் பலகைத் துண்டையும் எடுத்துச் சென்று கதவருகே வைத்துப் பாருங்கள். நிறத்துண்டு கிடைத்தால் வீட்டுக்குக் கொண்டுவந்து காலை வெளிச்சத்திலும் இரவு விளக்கிலும் பாருங்கள். அடுத்ததாக, விற்பனையாளரிடம் கேட்டுக்கொண்டு, விரலில் துளி எண்ணெய் தொட்டுக் காட்சிக்கு வைத்திருக்கும் கதவில் பதித்து, உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். இரண்டு துடைப்பில் போகாத பூச்சு உங்கள் சமையலுக்கு ஆகாது.

மிக்சி, ரைஸ் குக்கர் போன்றவற்றைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். மஞ்சள் கறை வெள்ளைப் பிளாஸ்டிக்கில் பிடித்துக்கொள்ளும் என்பதால் மிக்சியை மட்டும் அடர்ந்த நிறத்தில் எடுங்கள். கழற்றக்கூடிய மூடியில் கறை பட்டால் சில நாள் வெயிலில் வைத்தால் மங்கும். குளிர்சாதனப் பெட்டியில் நிறம் முடிவான பிறகு, எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திரக் குறியீட்டு வில்லையைப் பார்க்கத் தவறாதீர்கள். ஐந்து நட்சத்திரம் உள்ளது அந்தப் பச்சையில் கிடைக்காமல் வேறு சாயலில் கிடைத்தால், அந்தச் சாயலுக்கு மனதைப் பழக்கிக்கொள்வதே நல்லது.

சாதனங்கள் வந்து இறங்கியதும், கதவுகளிலும் ஹூட்டிலும் ஒட்டியிருக்கும் பாதுகாப்புப் பிளாஸ்டிக் தாளை அன்றே முழுவதும் உரித்துவிடுங்கள். புதிதாகவே இருக்கட்டும் என்று நம் வீடுகளில் ஆண்டுக்கணக்கில் அதை விட்டுவைக்கிறோம். அதன் ஓரங்களுக்குள் உப்பு ஈரம் புகுந்து தங்குவதும், சூட்டில் பசை இறுகிப்போவதும் அதனால்தான். உரித்த பிறகு வாரம் ஒரு முறை வெறும் நீரில் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஈரத்தை எடுத்துவிடுங்கள்; கதவின் கீழ் விளிம்பைக் குனிந்து துடையுங்கள், அந்தப் பக்கம் மாப் போடும் வாளியில் மட்டும் பிளீச் கலக்க வேண்டாம்.