அண்ணாச்சி, உங்கள் மகள் அரிசி மூட்டை தூக்கப் போகவில்லை

அண்ணாச்சி, போன ஞாயிற்றுக்கிழமை மும்பை செம்பூரில், படிப்பு–வேலை ஆலோசகனான என் அறையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தீர்கள். சுற்றிச் சுற்றி ஒன்றைத்தான் கேட்டீர்கள்: “சேவை செய்யணும்னா நல்லா சம்பாதிச்சிட்டுச் செய்யட்டும். சேவையே எப்படி சார் ஒரு உத்தியோகம் ஆகும்?” வெளியே அடுத்தவர் காத்திருந்ததால் அரைகுறையாக ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. கைக்குட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். தாராவியிலிருந்தும் ஆன்டாப் ஹில்லிலிருந்தும் இதே கேள்வியோடு வேறு பெற்றோரும் வருகிறார்கள். அதனால் உங்கள் பெயரைப் போடாமல் பொதுவாகவே பதில் எழுதுகிறேன்.

பிள்ளை பி.காம் கடைசி வருடம். நீங்கள் வங்கித் தேர்வு எழுதச் சொல்கிறீர்கள். அவளுக்கு தேவ்னாரில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் பேரிடர் மேலாண்மை படித்துவிட்டு நிவாரண அமைப்பு ஒன்றில் வேலைக்குப் போக ஆசை. உங்கள் கண்ணில் நிவாரண வேலை என்றால் முட்டளவு தண்ணீரில் நின்று பிஸ்கட் பொட்டலம் நீட்டுவது. 2020 ஊரடங்கில் தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் நாம் எல்லோரும் பார்த்ததும் அதுதானே. ஆனால் அது கடைசிப் பத்து நிமிட வேலை. அதற்கு முன்னால் நடப்பதைப் பற்றித்தான் உங்கள் மகள் பேசுகிறாள்.

சுனாமி உங்களுக்கு நினைவிருக்கும். 2004 டிசம்பர் 26. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். உலகம் முழுவதிலுமிருந்து பணமும் பொருளும் வந்து குவிந்தன. யாரும் கேட்காத பழைய துணி ரோட்டோரம் மலையாகக் கிடந்தது, மீனவக் குடும்பங்கள் அதைத் தொடவில்லை. ஒரே குப்பத்துக்கு நான்கு அமைப்புகள் பாத்திரம் கொடுக்கும், பக்கத்துக் குப்பத்துக்கு ஒருவரும் போயிருக்க மாட்டார்கள். அப்போதுதான் தொண்டு நிறுவனங்கள் மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து நாகையில் ஓர் ஒருங்கிணைப்பு மையம் தொடங்கின. எந்த ஊருக்கு என்ன போயிற்று, என்ன போகவில்லை, யார் எதைச் செய்கிறார்கள் என்று பட்டியல் போட்டு, எல்லோரையும் ஒரு மேஜையில் உட்கார வைக்கிற வேலை. மூட்டை தூக்குவதைவிட அது கடினம்.

சுனாமிக்குப் பிறகு பல நாட்டு அமைப்புகள் சேர்ந்து நடத்திய மதிப்பீடு 2006இல் வெளிவந்தது. வெளியிலிருந்து வந்த பெரிய அமைப்புகள் உள்ளூர் ஆட்களின் திறமையைப் பயன்படுத்தாமல் அவர்களை ஓரம் தள்ளிவிட்டன என்று அதில் ஒளிவு மறைவில்லாமல் எழுதியிருந்தார்கள். மறு வருடமே ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் கூட்டாளிகளாக நடந்துகொள்ள ஐந்து கொள்கைகளை ஏற்றன. முதல் கொள்கையே சமத்துவம். 2016 மே மாதம் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதாபிமான மாநாட்டில், நிதி கொடுப்பவர்களும் பெரிய அமைப்புகளும் இன்னொரு வாக்குறுதி தந்தார்கள்: 2020க்குள் நிவாரண நிதியில் 25 சதவீதத்தை முடிந்தவரை நேரடியாக உள்ளூர் அமைப்புகளுக்குக் கொடுப்போம் என்றார்கள். 2020 வந்தபோது நேரடியாகப் போய்ச் சேர்ந்தது ஐந்து சதவீதத்தைக்கூட எட்டவில்லை.

ஏன் எட்டவில்லை என்று கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான் வரும்: “உள்ளூர்க்காரர்களுக்குத் திறன் போதவில்லை.” இது பாதி உண்மை. மீதிப் பாதியை என் சொந்தக் கதையிலிருந்து சொல்கிறேன்.

ஆலோசகர் ஆவதற்கு முன்பு கோவண்டியில் ஒரு சின்ன அமைப்பில் நான் கணக்கு எழுதினேன். 2005 ஜூலை 26. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிய நாள். மின்சாரம் கிடையாது, போன் கிடையாது. மறுநாள் குடிதண்ணீர் கேன்களை உள்ளே கொண்டுபோக ஒரு கைவண்டிக்காரரைப் பிடித்தோம். தொடை வரை தண்ணீரில் மூன்று நாள் இழுத்தார் மனிதர். கூலி 1,350 ரூபாய். பில்லுக்கு எங்கே போவார்? சிகரெட் பெட்டியைக் கிழித்து, அதன் உள்பக்கம் நான் தொகையை எழுத, அவர் பெருவிரலை மைப்பட்டையில் அழுத்தி ரேகை வைத்தார். ஆறு மாதம் கழித்து, எங்களுக்குப் பணம் கொடுத்த பெரிய அமைப்பின் தணிக்கையாளர் அந்த அட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். “இது வவுச்சர் இல்லை” என்று செலவை அடித்துவிட்டார். அந்தப் பணத்தை நாங்கள் ஐந்து பேரும் சம்பளத்திலிருந்து கட்டினோம்.

அது போகட்டும். அதே திட்ட பட்ஜெட்டில் எங்கள் அறை வாடகையையும் நிர்வாகச் செலவு என்று அடித்திருந்தார்கள். அவர்களுடைய வண்டி, டிரைவர், ஹோட்டல் எல்லாம் ‘திட்டச் செலவு’. அப்புறம் எங்களை ஒரு ஹோட்டலுக்கு வரவழைத்து இரண்டு நாள் ‘திறன் வளர்ப்புப் பயிற்சி’ கொடுத்தார்கள். என்ன பயிற்சி? வவுச்சர் எழுதுவது எப்படி. மதியம் பனீர் நன்றாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அந்த இருட்டில், வழிகாட்டப் பலகை ஒன்றுகூட இல்லாத சந்துகளில், நடக்க முடியாத கிழவி எந்த வீட்டில் இருக்கிறாள், எந்த வீட்டில் பச்சைக் குழந்தை இருக்கிறது என்று எங்கள் பெண்களுக்கு எப்படித் தெரிந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. திறன் என்று நான் சொல்வது அதையும் சேர்த்துத்தான். வவுச்சர் எழுத நாங்கள் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது, சரி. சந்து தெரிந்தவர்களிடம் அவர்களும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

வேறு மாதிரியும் செய்யலாம். அதற்கும் நம் மும்பையிலேயே, நம் ஆளே உதாரணம். கோலார் தங்கவயலில் பிறந்து இளம் வயதில் பம்பாய்க்கு வந்த ஜாக்கின் அற்புதம். மான்குர்தில் ஜனதா காலனியில் இருந்தவர். 1976இல் அந்தக் காலனியை இடித்து மக்களைச் சீத்தா கேம்புக்கு அனுப்பியபோது எதிர்த்துப் போராடியவர். தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பை உருவாக்கினார். 1984இல் பைகுலாவில் தொடங்கிய ஸ்பார்க் என்ற தொண்டு நிறுவனமும், நடைபாதைவாசிப் பெண்களின் மகிளா மிலனும் இந்தக் கூட்டமைப்போடு கைகோத்தன. படித்தவர்கள் இருந்த ஸ்பார்க் காகிதம், வங்கி, அரசு அலுவலகம் ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டது. எங்கே வீடு, யாருக்கு முதலில், என்ன மாதிரி என்பதில் குடிசைவாசிகளின் சொல்லுக்கு எடை இருந்தது. நடைபாதைக் குடும்பங்களைக் கணக்கெடுத்ததிலும் அங்கே வாழ்ந்தவர்களே இறங்கினார்கள். ஜாக்கினுக்கு 2000இல் மகசேசே விருது, 2011இல் பத்மஸ்ரீ. நிதி கொண்டுவருகிறவர் முதலாளி, களத்தில் நிற்பவர் கூலி என்று ஆகாமலும் ஓர் அமைப்பு பல பத்தாண்டு நடக்கும் என்பதற்கு இதற்குமேல் அத்தாட்சி வேண்டாம்.

சரி, இதில் உங்கள் மகளுக்கு வேலை எங்கே? பணம் வரும் வழி மாறிவிட்டது, வேலையும் அங்கேதான் இருக்கிறது. முன்பெல்லாம் பெரிய அமைப்பு வெளிநாட்டுப் பணத்தை வாங்கி, கீழே பத்து சின்ன அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன்பின் அப்படி வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றவே கூடாது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பும் 50இலிருந்து 20 சதவீதமாக இறங்கியது. வெளிநாட்டுப் பணம் முதலில் வந்து விழ வேண்டிய கணக்கு தில்லியில் ஒரே ஒரு ஸ்டேட் வங்கிக் கிளையில். கையேந்தி நின்ற சின்ன அமைப்புகள் ஒரே நாளில் நடுத்தெருவுக்கு வந்தன. அதோடு 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது, ஜூலையில் அதன் உதவி நிறுவனமான யு.எஸ்.எய்டு கடையைக் கட்டியது. உலகம் முழுக்க நிவாரண அமைப்புகளில் ஆட்குறைப்பு. நீங்கள் பேப்பரில் படித்துவிட்டு என்னிடம் காட்டியது இந்தச் செய்தியைத்தான். உங்கள் பயம் வீண் பயம் என்று சொல்ல மாட்டேன். ஐ.நா. வேலை, ஜெனீவா, டாலர் சம்பளம் என்று கனவு காண்கிற பிள்ளைகளை நானே தடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் உள்நாட்டுப் பணம் வேறு பாதையில் வருகிறது. கம்பெனிச் சட்டத்தின்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் பார்க்கும் நிறுவனங்கள், மூன்று வருடச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சி.எஸ்.ஆர். என்கிறோமே, அது. 2014 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அந்தப் பணத்தை வாங்க ஓர் அமைப்புக்கு 12ஏ, 80ஜி என்ற வருமான வரிப் பதிவுகள் வேண்டும், சி.எஸ்.ஆர். பணம் பெறத் தன்னைப் பதிந்துகொள்ளும் சி.எஸ்.ஆர்.-1 படிவம் போட்டிருக்க வேண்டும், தணிக்கை ஒழுங்காக இருக்க வேண்டும். கோவண்டியிலோ தாராவியிலோ இருபது வருடம் வேலை செய்த ஓர் அக்கா நடத்தும் சங்கத்தில் இதெல்லாம் யாருக்குத் தெரியும்? அந்த அக்காவுக்கு மக்களைத் தெரியும், கம்பெனிக்காரருக்குப் படிவம் தெரியும். நடுவில் இருவருக்கும் புரிகிற மாதிரிப் பேச ஓர் ஆள் வேண்டும். கணக்கு தெரிந்த, தமிழும் இந்தியும் மராட்டியும் பேசுகிற, தாராவியில் வளர்ந்த பி.காம் பெண் ஒருத்தி அந்த இடத்துக்குப் பொருந்துகிற அளவுக்கு, வெளியிலிருந்து வருகிற எம்.பி.ஏ. பையன் பொருந்த மாட்டான். நான் இதை முகஸ்துதிக்காகச் சொல்லவில்லை.

அதனால் என் யோசனை இப்படி. பட்டம் முடிந்த கையோடு எம்.ஏ. வேண்டாம். ஒரு வருடம் சின்ன அமைப்பு ஒன்றில் கணக்குப் பிரிவில் சேரட்டும். சம்பளம் இருபதாயிரத்தை ஒட்டித்தான் இருக்கும். என்னிடம் வந்துபோன பிள்ளைகளைப் பார்த்துச் சொல்கிறேன். அந்த ஒரு வருடத்தில் டேலி என்ற கணக்கு மென்பொருள், எக்செல், மானியக் கணக்கு, வந்த பணம் சொன்ன வேலைக்கே செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் எல்லாம் கைக்கு வந்துவிடும். நிவாரணத்துக்கு உலகம் ஒத்துக்கொண்ட குறைந்தபட்ச அளவுகளைச் சொல்லும் ஸ்பியர் கையேட்டைப் படிக்கட்டும். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர், தங்குமிடத்தில் 3.5 சதுர மீட்டர் இடம் என்று அதில் இருக்கும். அந்த 3.5 சதுர மீட்டரைப் படித்துவிட்டு தாராவிப் பிள்ளை சிரித்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். இதற்கும், தில்லியிலுள்ள தேசியப் பேரிடர் மேலாண்மை நிறுவனத்தின் சில பாடங்களுக்கும் இணையத்திலேயே இலவசமாகப் படிக்க வழி உண்டு. தேவ்னார் படிப்புக்கு இப்போது சி.யு.இ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வின் முதுநிலைத் தாளை எழுத வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே தயாராகலாம். வங்கித் தேர்வையும் அதே வருடம் எழுதட்டும், கணக்கும் ஆங்கிலமும் வீணாகாது. உங்களுக்கும் கொஞ்சம் தூக்கம் வரும்.

எந்த அமைப்பில் சேர்வது என்பதுதான் முக்கியம். பெரிய பெயர்ப் பலகையைப் பார்த்து மயங்க வேண்டாம். நேர்முகத்துக்குப் போகும்போது அவளும் கேள்வி கேட்கட்டும். உங்களோடு வேலை செய்யும் சின்ன அமைப்புகளுக்கு வாடகையும் கணக்காளர் சம்பளமும் பட்ஜெட்டில் உண்டா? திட்டம் எழுதும்போதே அவர்களைக் கூப்பிட்டீர்களா, எழுதி முடித்துக் கையெழுத்துக்குக் கூப்பிட்டீர்களா? ஒப்பந்தம் அவர்களுக்குத் தெரிந்த மொழியில் இருக்கிறதா? குறை இருந்தால் அவர்கள் யாரிடம் சொல்வார்கள்? இதற்கெல்லாம் எரிச்சல்படுகிற இடத்தில் சின்ன அமைப்புக்கு என்ன மரியாதையோ, புதிதாகச் சேரும் பெண்ணுக்கும் அதே மரியாதைதான். இரவில் திரும்ப வண்டி உண்டா, வெளியூர் போனால் காப்பீடு உண்டா, பாலியல் தொல்லைப் புகார்க் குழு இருக்கிறதா என்பதையும் சேர்த்தே கேட்கட்டும். அவள் கேட்கக் கூச்சப்பட்டால் நீங்கள் கேளுங்கள், தப்பில்லை.

மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள் என்று போகும்போது படியில் நின்று மெதுவாகக் கேட்டீர்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை அண்ணாச்சி. அது என் துறை இல்லை.

வரும் ஞாயிறு மகளைத் தனியாக அனுப்புங்கள். பழைய திட்ட பட்ஜெட் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன், ஆறு பக்கம், வாடகைக்கான வரியைப் பேனாவால் அடித்திருக்கிறார்கள். அதை அவள் திருத்தி எழுதட்டும். சிகரெட் அட்டைக்குப் பதிலாக அந்தக் கைவண்டிக்காரரிடம் எதை வாங்கியிருக்கலாம் என்பதையும் அவளே சொல்லட்டும். எனக்கு அது இன்னும் தெரியவில்லை.