எட்டப்பனைக் கொஞ்சம் விட்டுவிடுங்கள்: கிளர்ச்சிப் போர்கள் பற்றிய கேள்வி பதில்

கிளர்ச்சிப் போர்களைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொன்னேன், குவிந்துவிட்டன. சினிமாவில் வரும் காட்டுச் சண்டை சாத்தியமா என்று கேட்டவர்கள் மன்னிக்கவும், அது என் இலாகா இல்லை. நான் பாடம் நடத்தியவன், சண்டை போட்டவன் அல்ல.

கார்த்திக், வேளச்சேரி: மக்கள் ஆதரவு இருக்கிற பக்கம்தானே சார் கடைசியில் ஜெயிக்கும்?

ஒரு கிராமத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பகலில் ராணுவம் வந்து விசாரித்துவிட்டுப் போகிறது. இரவில் காட்டிலிருந்து ஆட்கள் வந்து, யார் என்ன சொன்னார்கள் என்று விசாரிக்கிறார்கள். அந்த ஊர்க்காரர் மனதுக்குள் யாரை விரும்புகிறார் என்பது அப்புறம். இன்றிரவு உயிரோடு இருக்க வேண்டும் என்பதுதான் முதல் கவலை.

கிரேக்க உள்நாட்டுப் போரின்போது ஆர்கோலிட் பகுதியில் நடந்த கொலைகளை ஸ்டாத்திஸ் கலிவாஸ் என்ற ஆய்வாளர் ஊர் ஊராக ஆராய்ந்து 2006-ல் வெளியிட்டார். இரு தரப்பும் சரிசமமாக மோதிய ஊர்களில்தான் ஆள் பார்த்துக் கொல்வது அதிகம் என்று நாம் நினைப்போம். அவர் கண்டது வேறு. ஒரு தரப்பின் கை ஓங்கி, ஆனால் முழுப் பிடி இல்லாத ஊர்களில்தான் அது அதிகம். சரிசமமான ஊரில் காட்டிக்கொடுக்க யாருக்கும் துணிச்சல் வராது. காட்டிக்கொடுத்தவர்களிலும் பலருக்குக் கொள்கையெல்லாம் காரணம் இல்லை. பழைய குடும்பப் பகை, சொத்துத் தகராறு, பொறாமை. பெரிய போர் வந்ததும் சின்னப் பகைகள் அதன் சட்டையைப் போட்டுக்கொள்கின்றன.

செல்வி, பெரம்பூர்: எட்டப்பன் இல்லாவிட்டால் கட்டபொம்மன் வென்றிருப்பாரா?

இதே கேள்வியைப் பலர் அனுப்பியிருக்கிறார்கள். எல்லாருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். எட்டையபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும் பக்கத்துப் பக்கத்துப் பாளையங்கள். அவர்களுக்குள் எல்லைத் தகராறு ஏற்கெனவே இருந்தது. கம்பெனி அதை உண்டாக்கவில்லை, பயன்படுத்திக்கொண்டது. 1799-ல் கோட்டையை விட்டுத் தப்பிய கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். அக்டோபர் 16-ல் கயத்தாறில் தூக்கு. ஊர் வாயில் விழுந்த பெயர் மட்டும் எட்டப்பன்.

துரோகம் என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. அவர் ஏன் அந்தப் பக்கம் போனார் என்று கேட்டால்தான் ஆராய்ச்சியே தொடங்குகிறது.

முருகேசன், கே.கே.நகர்: துரோகிகளுக்கு வக்காலத்து வாங்குகிறீர்களே ஐயா! என் சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். காளையார்கோவிலும் துரோகத்தால்தான் விழுந்தது.

வக்காலத்து இல்லை. காளையார்கோவிலையே பார்ப்போம். 1801 பிப்ரவரியில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். கம்பெனி இடித்துத் தரைமட்டமாக்கிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாட்களிலேயே மண்ணால் எழுப்பினார்கள். மார்ச் கடைசியில் கம்பெனி அதிகாரி மெக்காலேயின் படை அதை முட்டிப் பார்த்துத் தோற்றது. பெரும்படையோடு இன்னொரு அதிகாரி அக்னியூ வந்த பிறகு, மே மாதம்தான் விழுந்தது. ஊமைத்துரை சிவகங்கை மருதிருவரிடம் போய்ச் சேர்ந்தார். அடுத்து சிறுவயல் பக்கமிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போட அக்னியூ முயன்றார். முன்னால் மரம் வெட்டுபவர்கள், அவர்களுக்குக் காவலாகச் சிப்பாய்கள், இருபுறமும் புதருக்குள்ளிருந்து தாக்குதல். ஒரு மாதம் போலப் போராடிப் பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள். கூட இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்.

கோடரி தோற்ற இடத்தில் கம்பெனி என்ன செய்தது? மருதிருவர் அரச வம்சம் அல்ல. சிவகங்கை ராணி வேலு நாச்சியாரின் தளபதிகளாக இருந்து ஆட்சியைக் கையில் வைத்திருந்தவர்கள். படமாத்தூர் கௌரி வல்லப உடையத் தேவரோ சிவகங்கைக்கு உரிமை கொண்டாடியவர். செப்டம்பரில் அவரை ஜமீன்தார் ஆக்கினார்கள். மருதிருவரோடு நின்றவர்களில் பலருக்கு இப்போது போய்ச் சேர இன்னொரு வாசல் கிடைத்தது. அக்டோபர் முதல் தேதி காளையார்கோவில் விழுந்தது, 24-ல் சிவகங்கைப் பக்கத்துத் திருப்பத்தூரில் மருதிருவர் தூக்கிலிடப்பட்டார்கள். உடையத் தேவரைத் துரோகி என்பீர்கள். அவர் தரப்பில் அது வாரிசுரிமை வழக்கு.

முருகேசன் மீண்டும்: சொந்தப் பகையை ஒதுக்கிவைத்து எல்லாரும் சேரவில்லையா? திருச்சி அறிக்கை என்ன சொல்கிறது?

நல்ல அடி. 1801 ஜூன் 16-ல் சின்ன மருது வெளியிட்ட அறிக்கை, எல்லாச் சாதியாரையும் சேரச் சொல்லி அழைத்தது. திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டினார்கள். ஊமைத்துரை சிவகங்கைக்குப் போனதே பாளைய எல்லைகளைத் தாண்டிய கூட்டணிதான். ஆனால் ஏற்கெனவே கூடி நிற்பவர்களை யாரும் சுவரொட்டி ஒட்டி அழைப்பதில்லை. அறிக்கையின் வேகத்திலேயே பிளவின் ஆழமும் தெரிகிறது என்பது என் வாசிப்பு. நீங்கள் மாற்றி வாசித்தால் சண்டைக்கு வரமாட்டேன்.

ஃபாத்திமா, ராயப்பேட்டை: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். கோட்டைக்குள் நின்று சண்டை போட்டதை எப்படிக் கெரில்லாப் போர் என்பது?

மன்னிப்பெல்லாம் வேண்டாம், இதுதான் இன்று வந்ததிலேயே நல்ல கேள்வி. பாஞ்சாலங்குறிச்சியில் கோட்டைப் போர், காளையார்கோவிலில் காட்டுப் போர், இரண்டும் ஒரே ஆண்டில், ஊமைத்துரை இரண்டிலும் இருந்தார். கையில் என்ன இருக்கிறதோ அதற்கேற்ப முறை மாறும். முறையை வைத்துப் போருக்குப் பெயர் சூட்டினால் பாதிப் போர் கைநழுவிவிடும்.

பலர்: ஈழத்தில் ஏன் தோற்றார்கள்?

ஒரு பத்தியில் சொல்பவரை நம்பாதீர்கள். 2004 மார்ச்சில் விடுதலைப் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா பிரிந்ததைப் படிக்கும்போதும் எட்டப்பனை நடுவில் கொண்டுவராதீர்கள். வடக்கு, கிழக்கு மனக்கசப்பிலிருந்து தொடங்குங்கள்.

தேவி, வில்லிவாக்கம்: என் பாட்டி மலாயா எஸ்டேட்டில் வளர்ந்தவர். சோற்றைக்கூட வேலிக்கு வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள் என்பார். உண்மையா?

உண்மைதான் அம்மா. கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை ஒடுக்க, 1948 முதல் 1960 வரை அங்கே அவசரநிலை. 1950-ல் வந்த பிரிக்ஸ் திட்டப்படி, காட்டோரம் குடியிருந்தவர்களை, பெரும்பாலும் சீனர்களை, வேலி போட்ட புதுக் கிராமங்களுக்கு மாற்றினார்கள். எஸ்டேட் லயங்களையும் (தொழிலாளர் குடியிருப்பு வரிசைகள்) ஒன்றாகச் சேர்த்து வேலி கட்டினார்கள், அதில் தமிழர்கள் ஏராளம். கெரில்லாக்களுக்கு அரிசி போகக்கூடாது என்று சில இடங்களில் பொதுச் சமையலே நடந்தது. அரிசியாக இருந்தால் பதுக்கலாம், சோறாக இருந்தால் கெட்டுப்போகும். டின் உணவை விற்கும்போதே கடைக்காரர் ஓட்டை போட்டுத் தர வேண்டும், அதுவும் இதே கணக்குதான். தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ.கணபதியை 1949 மே மாதம் தூக்கிலிட்டதும் இந்த அவசரநிலையில்தான். பாட்டி சொன்னதைத் தேதி, எஸ்டேட் பெயரோடு எழுதி வையுங்கள். அதிகாரிகள் எழுதியது நிறைய இருக்கிறது, வேலிக்கு உள்ளே இருந்தவர்கள் எழுதியது குறைவு.

அருண், தாம்பரம்: இந்தியாவில் இப்படி நடந்ததா?

மிசோரமில், 1967 முதல் கிராமங்களை ஒன்றாகச் சேர்த்து மாற்றினார்கள். மிசோ கிளர்ச்சியின்போது, 1966-ல் ஐஸ்வால்மீது இந்திய விமானத் தாக்குதல் நடந்த மறு ஆண்டு அது. 1986-ல் கிளர்ச்சியாளர்களோடு ஒப்பந்தம், 1987-ல் தனி மாநிலம்.

நித்யா, சேப்பாக்கம்: ஆய்வேட்டுக்கு எங்கே தொடங்குவது, சார்?

எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில். ராணுவக் கோப்புகளோடு நிற்காதீர்கள், வருவாய்க் கோப்புகளையும் கேளுங்கள். ராணுவக் கோப்பில் கலகக்காரன் என்று இருப்பவர் வருவாய்க் கோப்பில் கிஸ்தி (வரி) பாக்கிக்காரராக இருப்பார். கோப்பு இல்லை என்ற பதிலையும் அப்படியே நம்பாதீர்கள். கென்யாவின் மாவ் மாவ் கிளர்ச்சிக் காலக் கோப்புகளை இங்கிலாந்தின் ஹான்ஸ்லோப் பார்க்கில் வைத்திருந்ததை பிரிட்டன் ஒப்புக்கொண்டது 2011-ல்தான், அதுவும் வழக்குப் போட்ட பிறகு.

பெயர் போடாத ஒருவர்: அப்போ எட்டப்பன் நல்லவரா கெட்டவரா?

மேலே போய்ப் படியுங்கள்.