எண்ணெய்த் தலையோடு வராதீர்கள்: மூளை அலை பற்றிக் கேள்வி பதில்

ரங்கூனில் ஒரு தனியார் மருத்துவமனையில் 18 வருடம் இஇஜி, அதாவது மூளை அலையைப் பதியும் சோதனை, எடுக்கிற வேலை பார்த்தேன். நான் டாக்டர் இல்லை, தலையில் ஒயர் ஒட்டுகிறவன். அந்த அளவில்தான் என் பதில்கள்.

அண்ணே, தலையில் ஒயர் வைப்பது என்றால் கரண்ட் கொடுப்பதுதானே? அம்மா ரொம்பப் பயப்படுகிறார்.

இல்லவே இல்லை தம்பி. ஒயர் வழியாக உள்ளே எதுவும் போகாது, உள்ளிருந்து வருவதைப் பிடிப்பது மட்டும்தான் வேலை. மூளையின் மேற்பகுதியில் லட்சக்கணக்கான நரம்பு செல்கள் சேர்ந்தாற்போல் இயங்கும்போது ஒரு சின்ன மின்னழுத்தம் எலும்பையும் தோலையும் தாண்டி வெளியே கசிகிறது. எவ்வளவு சின்னது? சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் பேட்டரி 1.5 வோல்ட். அதை 30,000 பங்கு போட்டால் ஒரு பங்கு, அதாவது 50 மைக்ரோவோல்ட். கரண்ட் வைக்கும் சிகிச்சை வேறு, இது வேறு என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

நாளை மறுநாள் என் மகளுக்கு எடுக்கப் போகிறார்கள். எப்படிக் கூட்டிப்போவது?

முதல் நாள் ராத்திரியே ஷாம்பு போட்டுத் தலைக்குக் குளிக்க வையுங்கள் அக்கா. தேங்காயெண்ணெய் ஒரு சொட்டுகூட வேண்டாம், எண்ணெய் இருந்தால் ஒயரை ஒட்டும் பேஸ்ட் பிடிக்காது. கன்னத்தில் தனாக்கா (பர்மாவில் பூசும் மரப்பட்டைச் சாந்து) இருக்கட்டும், நெற்றியில் மட்டும் துடைத்துவிடுங்கள். அங்கே இரண்டு ஒயர் வரும். பட்டினியாக வரக்கூடாது. மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தவே கூடாது. தூக்கம் குறைத்து வரச் சொல்லியிருந்தால் அதைக் கட்டாயம் கடைப்பிடியுங்கள், தூங்கிவழியும்போதுதான் சில கோளாறுகள் வெளியே தலைகாட்டும்.

முதலில் டேப்பால் தலையை அளப்போம், தையல்காரர் மாதிரி. மூக்கின் வேரிலிருந்து பின்னந்தலை எலும்புப் புடைப்பு வரை அளந்து, அதில் 10 சதவீதம், 20 சதவீதம் என்று புள்ளி வைப்போம். ஜாஸ்பர் என்பவர் 1958இல் வெளியிட்ட முறை இது. ரங்கூனில் வைக்கும் புள்ளியும் லண்டனில் வைக்கும் புள்ளியும் ஒரே இடத்தில் விழுவது அதனால்தான்.

ஆல்பா, பீட்டா என்கிறார்களே, எது நல்ல அலை?

நல்லது கெட்டது என்று பிரிக்க முடியாது. நொடிக்கு எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்பதற்கு வைத்த பேர்தான். 4க்குக் கீழே டெல்டா, 4 முதல் 8 தீட்டா, 8 முதல் 13 ஆல்பா, அதற்கு மேல் 30 வரை பீட்டா. ஆழ்ந்து தூங்குகிறவருக்கு டெல்டா வந்தால் சந்தோஷம், முழித்திருக்கும் பெரியவருக்கு வந்தால் டாக்டரைக் கூப்பிடுவோம்.

என் மச்சானுக்கு எடுத்தபோது பாதியில் நிறுத்தி, "வாயைக் கழுவிட்டு வாங்க" என்றார்களாம். மூளைக்கும் வாய்க்கும் என்ன சம்பந்தம்?

வெற்றிலையாகத்தான் இருக்கும்! எங்களிடமும் கன்னத்தில் கூன்யாவை (பர்மிய வெற்றிலை மடிப்பு) ஒதுக்கி வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் வந்து படுத்தார். மெல்லவில்லை என்றுதான் சாதித்தார், மெஷின் வரையும் கோடு காட்டிக்கொடுத்தது. தாடைத் தசையின் மின்சாரம் மூளை அலையைவிடப் பெரியது, அது எழுந்தால் மற்றதெல்லாம் மூழ்கிவிடும். கண் சிமிட்டினால் முன்பக்கக் கோட்டில் ஒரு குன்று எழும். கரண்ட் போய் ஃபேன் நின்று வியர்த்தால் கோடு படகு மாதிரி மெல்ல ஆடும். பக்கத்துக் கரண்ட் ஒயரிலிருந்து 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வேறு வந்து கலக்கும். இதில் எது மூளை, எது மூளை இல்லை என்று பிரிப்பதுதான் எங்கள் பிழைப்பு.

இரண்டு தடவை வலிப்பு வந்தது. ரிப்போர்ட்டில் நார்மல் என்று இருக்கிறது. அப்படியென்றால் நோய் இல்லையா?

அப்படிச் சொல்ல முடியாது ஐயா. இஇஜி எடுப்பது அரை மணி நேரம். அந்த நேரத்தில் மூளை அமைதியாக இருந்தால் அமைதியைத்தான் அது எழுதும். வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு முதல் தடவை ஒன்றும் அகப்படுவதில்லை. அதனால்தான் வேகமாக மூச்சு விடச் சொல்கிறோம், கண்ணெதிரே விளக்கை மின்ன விடுகிறோம். திடீரென்று வெறித்துப் பார்க்கும் குழந்தைகளில் பலருக்கு மூன்று நிமிட மூச்சிலேயே நொடிக்கு 3 வீதம் கூர்முனை அலை வந்துவிடும். திரும்ப எடுக்கச் சொன்னால் எடுங்கள்.

பீலிக்கான் கோயில் தீமிதியில் சாமி வந்து ஆடுகிறவருக்கு எடுத்தால் என்ன தெரியும்?

கழுத்துத் தசையும் தாடைத் தசையும் தெரியும். ஆடுகிறவரிடம் மூளை அலையை எங்கே தேடுவது?

மனசில் நினைப்பதை இந்த மெஷினில் படிக்க முடியுமா?

இதைக் கண்டுபிடித்தவருக்கே அந்த ஆசை இருந்தது. ஹான்ஸ் பெர்கர், ஜெர்மனிக்காரர். இளவயதில் பட்டாளத்தில் குதிரையிலிருந்து விழுந்து சாவின் விளிம்பு வரை போனார். அன்றே வீட்டிலிருந்து நலம் கேட்டுத் தந்தி வந்தது, அக்காவுக்கு என்னவோ பயம் தட்டியதாம். நினைப்பு எப்படிப் பறந்து போனது என்று தேடப் போய், 1924இல் மனித மூளை அலையைப் பதிந்தார். ஐந்து வருடம் கழித்து 1929இல்தான் வெளியிட்டார். ஆனால் பேட்டரியின் 30,000இல் ஒரு பங்கு அடுத்த ஊருக்குப் போகுமா? தூங்குகிறாரா, முழித்திருக்கிறாரா என்று சொல்வேன். யாரை நினைக்கிறார் என்று சொல்ல மாட்டேன்.

தங்கச்சிக்கு வரன் பார்க்கிறோம். இஇஜி எடுத்தது வெளியே தெரிந்தால்?

நோயின் பேரே பாதிக் கெடுதல் செய்கிறது. நாம் காக்காய் வலிப்பு என்கிறோம், கால்-கை வலிப்பு மருவியது என்பார்கள். பர்மியப் பேரில் பன்றியும் பைத்தியமும் சேர்ந்தே இருக்கிறது. எந்தப் பிராணிக்கும் இதில் பங்கில்லை. தலைவலிக்கும் மயக்கத்துக்கும்கூட இஇஜி எடுக்கிறார்கள். ஆனால் உண்மையிலேயே வலிப்பு இருந்தால் மாப்பிள்ளையிடம் மறைக்காதீர்கள். ராத்திரி வந்தால் அவர்தான் பக்கத்தில் இருப்பார். கையில் இரும்புச் சாவி கொடுக்கக் கூடாது, வாயில் எதையும் திணிக்கக் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், 5 நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரி என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக, வலிக்குமா அண்ணே?

வலிக்காது. பேஸ்ட்டை முடியிலிருந்து எடுப்பதுதான் பாடு, வெந்நீர் போட்டு வையுங்கள்.