லிங்க் சரிபார்ப்பும் அரியர் பேப்பரும்

கடிதம் கிடைத்தது, சார். இரண்டாம் வருடம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் மகள், ராத்திரி பதினொரு மணிக்கு யாரோ எழுதிய சாஃப்ட்வேர் கையேட்டில் லிங்க் சரிசெய்துகொண்டிருக்கிறாள், பைசா வராது, இதற்கா பீஸ் கட்டினேன் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயம்தான்.

ஓப்பன் சோர்ஸ் (நிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய சாஃப்ட்வேர்) கையேடுகளில் வெளித்தளங்களுக்குப் போகும் லிங்குகள் ஏராளம். அந்தத் தளங்கள் இடம் மாறும், மூடப்படும். 2021இல் பல திட்டங்களின் அரட்டை அறைகள் ஃப்ரீநோட் என்ற அரட்டைச் சேவையிலிருந்து லிபெரா சாட் என்ற இன்னொன்றுக்குப் போயின. கையேடுகளோ பழைய முகவரியையே சொல்லிக்கொண்டிருந்தன.

பழுதைக் கண்டுபிடிப்பது மெஷின் வேலை. பைதான் கையேட்டைத் தயாரிக்கும் ஸ்பிங்க்ஸ் கருவியில் 'லிங்க்செக்' ஓட்டினால் எது 404 (பக்கம் இல்லை) என்று பட்டியல் வந்துவிடும். அதை அப்படியே நம்பினால்தான் வம்பு. சில தளங்கள் வருவது ரோபோ என்று தெரிந்தால் 403 (அனுமதி இல்லை) சொல்லிக் கதவைச் சாத்தும். பிரவுசரில் அதே பக்கம் ஜம்மென்று திறக்கும். இன்னொரு வகை, கைமாறிப்போன டொமைன், அதாவது தள முகவரி. மெஷின் 200 (சரியாக இருக்கிறது) என்று பாஸ் போடும், திறந்தால் சூதாட்ட விளம்பரம். பக்கமே காணாமல் போயிருந்தால் வேபேக் மெஷின் என்ற இணையக் காப்பகத்தில் பழைய பிரதியைப் படித்து, அதே விஷயம் இப்போது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். சில சமயம் அந்த வரியையே எடுத்துவிடுவதுதான் சரி. ஒரு லிங்குக்கு அரை மணி நேரப் படிப்பு. நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தைக்கூட இப்படிப் படிப்பதில்லை.

ஆனால் எண்ணிக்கைக்காகச் செய்தால் பெயர் கெடும். ஓப்பன் சோர்ஸுக்குப் பங்களிப்பவர்களுக்குப் பரிசு தரும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற அக்டோபர் மாத நிகழ்ச்சியில், 2020இல் டி-ஷர்ட்டுக்காக ஒன்றுக்கும் உதவாத புல் ரிக்வெஸ்ட்டுகள் (திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் கோரிக்கைகள்) குவிந்து, திட்டங்களைப் பராமரிப்பவர்கள் கொதித்துப்போனார்கள். சம்மதம் சொன்ன திட்டங்கள் மட்டும் சேரும்படி நடுவிலேயே விதியை மாற்ற வேண்டிவந்தது. அதனால் மகளிடம் சொல்லுங்கள்: தான் பயன்படுத்தும் ஒரே திட்டத்தில் இருக்கட்டும். எப்படிப் பங்களிக்க வேண்டும் என்று அந்தத் திட்டம் சொல்லும் 'கான்ட்ரிப்யூட்டிங்' கோப்பை முதலில் படிக்கட்டும். பழைய லிங்க் ஏன் போனது, புதியதை ஏன் தேர்ந்தெடுத்தாள் என்று இரண்டு வரி எழுதட்டும். இன்டர்வியூவில் பேச்சுக்கு இடம் கொடுப்பது அந்த இரண்டு வரிதான். மூன்று லிங்க் மாற்றிவிட்டு ரெஸ்யூமேயில் 'ஓப்பன் சோர்ஸ் டெவலப்பர்' என்று போட வேண்டாம். கேட்பவர், அவள் செய்த திருத்தங்கள் பதிவாகியிருக்கும் கிட்ஹப் தளத்தைத் திறந்து பார்ப்பார். கையேட்டில் கை பழகியதும் சாஃப்ட்வேரிலேயே சின்ன பக் (பிழை) ஒன்றைச் சரிசெய்ய எடுக்கலாம்.

அப்புறம், அரியர் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் முதலில் அதை முடிக்கச் சொல்லுங்கள். கேம்பஸுக்கு வரும் பல கம்பெனிகள் அரியர் இருந்தால் எழுத்துத் தேர்வுக்கே உட்காரவிடாது, கிட்ஹப் பக்கம் எப்படி இருந்தாலும்.