லிஸ்பன் சியாடோ: அம்மாவுடன் அரை நாள்

முழங்கால் வலி உள்ள அம்மாவோடு ஞாயிறு மதியம் சியாடோவைச் சுற்றிவிட்டு ஏதாவது வாங்கி வர முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும். ஆனால் முடிந்தால் சனிக்கிழமைக்கு மாற்றுங்கள். ஞாயிறன்று கார்மோ மடத்தின் அருங்காட்சியகம் மூடியிருக்கும், சின்னக் கடைகள் பலவும் அப்படித்தான். 1755 நிலநடுக்கத்தில் கூரை இழந்த அந்த மடத்துத் தேவாலயத்தின் வளைவுகளுக்கு நடுவே நின்று வானம் பார்ப்பதை அம்மா தவறவிடக் கூடாது.

சியாடோ மேட்டில் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். பைஷா-சியாடோ மெட்ரோ நிலையத்தின் கீழ் வாசலில் நுழைந்தால் நகரும் படிகளே மேலே கொண்டுபோய் விட்டுவிடும். வெளியே வந்ததும் கவிஞர் பெசோவாவின் வெண்கலச் சிலை, பக்கத்தில் 1905இல் தொடங்கிய பிரசிலெய்ரா காபிக்கடை. வெளி மேசை வேண்டாம், விலை அதிகம். உள்ளே போய் ஒரு 'பிக்கா' (நம் ஊர் டம்ளர் காபியை எதிர்பார்க்காதீர்கள், இரண்டு மடக்குதான்!).

அப்புறம் காரெட் தெருவில் இறங்குமுகமாக நடங்கள். 1732இல் தொடங்கிய பெர்த்ராண்ட் புத்தகக்கடை அங்கேதான். இன்றும் இயங்கும் உலகின் மிகப் பழைய புத்தகக்கடை என்று கின்னஸ் பதிவு உண்டு. புத்தகம் வாங்கினால் முத்திரை குத்தித் தரச் சொல்லுங்கள், நல்ல நினைவுப்பொருள். அம்மாவுக்கென்றால் கார்மோ தெருவின் உலிசெஸ் கையுறைக் கடை. 1925 முதல் இருக்கிறது, இரண்டு பேர் நின்றாலே நிறைந்துவிடும். முழங்கையைச் சின்ன மெத்தையில் ஊன்றச் சொல்லி அவர்களே மாட்டிவிடுவார்கள்.

கீழ்த் தெருவிலிருந்து கார்மோ மேட்டுக்கு ஏறும் பழைய இரும்பு லிஃப்டான சாந்தா ஜுஸ்தாவை வெளியிலிருந்து பார்த்தால் போதும், வரிசையில் நின்றால் முழங்கால் தாங்காது.